பிடிக்கலன்னா துப்பிரு

எட்டு வயது வரைக்கும் எனக்கு இரண்டே சாப்பாடுதான்: ரொட்டியும் பிளேன்டீயும். வேறு எதை நீட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த வாயைத் திறக்க வைத்த புண்ணியவான் என் மாமா, அம்மாவின் தம்பி. எல்ல என்ற மலையூரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அங்கே சமையல்காரர் வேலை ஒன்று காலியானது. மாதக் கடைசியில் சமைத்துக் காட்டவேண்டும். பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் பழையபடி சட்டிதான். அதனால் லீவு கிடைத்தால் போதும், மாமா தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் விறகடுப்பில் ஒருநாள் இத்தாலி வேகும், ஒருநாள் ஜப்பான் கொதிக்கும்.

அம்மாவிடம் ருசி கேட்டுப் பயனில்லை. எதைத் தின்றாலும் மிளகாய் போதாது என்று, "கொச்சிக்கா போடு தம்பி, பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்பார். ஆகவே நான்தான். மாமா முதலில் சப்புக்கொட்டித் தின்று ஆசை காட்டுவார். அப்புறம் எனக்கு ஒரு கரண்டி. உப்பு எப்படி, புளிப்பு எப்படி என்று குடைந்தெடுப்பார்.

ஒருநாள் தக்காளி சூப். அப்பப்பா, உப்பு கரித்தது! ஆனால் மாமா முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்லாருக்கு என்றுவிட்டேன். மனுசர் அந்தச் சூப்பையே போத்தலில் ஊற்றி ஓட்டலுக்குக் கொண்டுபோய்ப் பெரிய சமையல்காரரிடம் நீட்டியிருக்கிறார். அவர் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, இன்னொரு தடவை இப்படி என்றால் சமைத்துக் காட்டவே வரவேண்டாம் என்றாராம்.

அடுத்த லீவில் மாமா என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "மாமாகிட்ட மட்டும் பொய் சொல்லாத பாப்பா. பிடிக்கலன்னா துப்பிரு" என்றார். நான் அழுதுவிட்டேன். உள்ளுக்குள் கோபமும் வந்தது. அவரும்தானே என்னோடு ஒரு கோப்பை குடித்தார், அவருக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு தாராளமாகத் துப்பினேன். துப்பத் துப்ப மாமா திருத்தினார். வேலை கிடைத்தது.

போன வருடம்தான் அம்மா சொன்னார். அந்த வருடம் வந்த காய்ச்சலில் மாமாவுக்கு மணமும் ருசியும் சுத்தமாகப் போய்விட்டதாம். திரும்பி வரப் பல மாதமாம். ஓட்டலில் அதைப்பற்றி மூச்சு விடவில்லையாம்.

இன்று எந்த நாட்டுச் சாப்பாட்டை வைத்தாலும் ஒரு கை பார்க்கிறேன். எல்லாம் மாமா போட்ட பிச்சை. எனக்கு ஆசை காட்டச் சப்புக்கொட்டித் தின்றாரே, அதில் ஒரு வாய்கூட அவருக்கு ருசிக்கவில்லை.