வடக்கு அறைக் கறிவேப்பிலை

கடந்த வாரம் மகேஸ் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இவர் காலமை போயிட்டார்" என்று சொல்லி அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "குளிரும் துவங்கிட்டுது. கறிவேப்பிலையை ஆர் உள்ளுக்குத் தூக்கி வைக்கிறது?" என்று கேட்டார். அவருடைய கணவர் சிவஞானம் அண்ணரை அறிந்த எவரும் இந்தக் கேள்வியில் பிழை காணமாட்டார்கள்.

நாங்கள் குடியேறியிருந்த மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து நானும் அண்ணரும் ஒரே அலுவலகத்துக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். எண்பத்து நான்காம் ஆண்டு அக்காவுக்கு விசா கிடைத்தது. ஆகஸ்ட் கடைசியில், இங்கே குளிர்காலம் முடியுமுன், யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக ஏற்பாடு. அந்தக் குளிரில் எதை வளர்ப்பது, எதைச் சமைப்பது என்று அக்கா கவலைப்பட்டு எழுத, வீட்டுக்குள்ளேயே தோட்டம் இருப்பதாக அண்ணர் பதில் போட்டுவிட்டார். அப்போது வீட்டுக்குள் ஒரு புல்லும் இல்லை.

ஆகவே செடி தேடும் படலம் தொடங்கியது. கடையில் குளிர் தாங்கும் பூச்செடிகளைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைத் தாளிக்கேலுமோ?" என்று கேட்டார். கடைசியில், பாபகூராவிலிருந்த பிஜித் தமிழர் ஒருவர் கொடுத்த கறிவேப்பிலைக் கன்று, மிளகாய், வல்லாரை என்று குளிரைக் கண்டாலே சாகிறவற்றையெல்லாம் சேர்த்தார்.

நூலகத்தில் எடுத்த தோட்டப் புத்தகம், குளிர்காலத்தில் செடிகளைத் தெற்கு யன்னலில் வைக்கச் சொன்னது. வைத்தார். மிளகாய் முதலில் போனது, பிறகு வல்லாரை. கறிவேப்பிலை இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றது. அதன் பக்கத்தில் ஹீட்டரை வைத்துவிட்டு அண்ணர் மப்ளரோடு இருந்தார்.

"அண்ணை, இந்தப் புத்தகம் இங்கிலாந்துக்காரருக்கு எழுதினது. இது உலகத்தின்ரை தெற்குப் பாதி, இஞ்சை குளிர்காலத்திலை வெயில் வடக்காலைதான் வரும்" என்றேன். துணி காயும் பக்கத்தைப் பார்த்து நானே அன்றைக்குத்தான் அதைக் கண்டுபிடித்திருந்தேன்.

வீட்டில் வடக்கு பார்த்த ஒரே அறை அவருடைய படுக்கையறை. "சரி, கட்டிலைப் பிடியும்" என்றார். அன்று முதல் வடக்கு அறையில் கறிவேப்பிலை வெயிலிலும், தெற்கு அறையில் அவர் குளிரிலும் கிடந்தார்கள். நான் செடியைப் பார்க்கப் போனால், "மெல்லமாக் கதையும், அது தேறுது" என்பார்.

விமான நிலையத்திலிருந்து வந்த அக்கா, கோட்டைக்கூடக் கழற்றாமல் தோட்டம் எங்கே என்று கேட்டார். அண்ணர் குச்சியைக் காட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அக்கா நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை. "இதுக்கு உயிர் இருக்கு. நீங்கள்தான் நல்லா மெலிஞ்சு போனியள்" என்றார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செடி வடக்கு அறையில், அவர்கள் தெற்கு அறையில்.

நேற்றுப் போனேன். செடி இப்போது என் உயரம். நானும் அக்காவுமாக உள்ளே இழுத்தோம். வடக்கு அறையில், நல்ல வெயில் விழும் இடத்தில், அண்ணரின் படம் ஏற்கெனவே இருந்தது. செடியை அதன் பக்கத்தில் வைக்க அக்கா சொன்னார்.

"இவ்வளவு காலமும் குளிருக்கை படுத்த மனிசன். இனி வெயிலிலை இருக்கட்டும்."

புறப்படும்போது, வேரடியில் முளைத்த ஒரு கன்றைப் வெறும் பால்மாத் தகரப் பேணியில் வைத்துத் தந்தார். அண்ணர் எனக்கு விட்டுப்போனது அதுதான். இன்று காலை நானும் மனைவியும் எங்கள் கட்டிலைத் தூக்கித் தெற்கு அறையில் போட்டோம்.