சாம்பியன் அண்ணனின் இரண்டாவது பட்டம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுபவன். இப்படிப்பட்டவன் ஒரு பெரிய ஆளைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் சாம்பியன் அண்ணன் காலமான பிறகும், அவர் உண்மையில் எவ்வளவு பெரிய ஆள் என்று எங்கள் பம்மல் பக்கத்தில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குத்துச்சண்டையில் மூன்று எடைப் பிரிவுகளில் மாநிலப் பட்டம் வாங்கியவர் என்று ஒரு கட்சி. அதில் ஒன்றுதான் உருப்படி, மற்றதெல்லாம் ஆள் இல்லாத இடத்தில் எடுத்தது என்று இன்னொரு கட்சி. அவருடைய இரண்டாவது பட்டத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவன் நான்தான்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மேடை இல்லை, எடை பார்க்கும் மெஷின். போட்டி தொடங்கும் நாள் காலையில் எல்லோரும் ஜட்டியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நான் அறுபது கிலோ பிரிவு. எடையை இறக்குவதற்காக இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. இரண்டு சட்டை போட்டுக்கொண்டு அனகாபுத்தூர் வரை ஓடிவிட்டு வந்திருந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற அவருக்கு நேர்மாறான கவலை. அதுவரை ஐம்பத்தேழு கிலோவில் ஆடியவர், முதல்முறையாக மேல் பிரிவுக்கு வருகிறார். எடை போதாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நடுநடுவே தண்ணீர். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, பசிக்குதா?" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன்.

இறுதிப் போட்டியின் முதல் ரவுண்டிலேயே என் இடது கண்ணில் ஒரு குத்து விழுந்தது. மின்னல் வெட்டியது போல இருந்தது. பிறகு கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்ல இறங்கியது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். கிளவுஸாலேயே துடைத்துக்கொண்டு ஆடினேன். கடைசி மணி அடிக்கும்வரை விழாமல் நின்றேன் என்பதில் எனக்கு அன்று பெருமைகூட இருந்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர், விழித்திரை கிழிந்து சுருண்டுவிட்டது என்றார். "முதல் அடியோடு நிறுத்தியிருந்தா ஒட்ட வெச்சிருக்கலாம். இத்தனை அடி வாங்குற வரைக்கும் ஏம்பா நின்னே?" என்று கேட்டார். அப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் பழகிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகத் தெரியாது, கையைக் கொடுத்துவிடுவாய் என்று மெஷினிலிருந்து இறக்கி, பேக்கிங்கில் போட்டார்கள். இன்றுவரை அட்டைப்பெட்டிதான் ஒட்டுகிறேன். லேத்தில் இரும்புச் சீவல் தெறித்துக் கண் போனதாகப் பலரும் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை, குத்துச்சண்டை ஆடியதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. என் கண்ணை எடுத்தவர் யாரோ ஒருத்தர் இல்லை, மூன்று எடை சாம்பியன். அவர் பெரிய ஆளாக இருக்கிறவரை, என் கண் வீணாகப் போகவில்லை.

பல வருடம் கழித்து அவர் எங்கள் தெருவுக்கே குடிவந்தார். விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த வேலையை உடம்பு முடியாமல் பாதியில் விட்டிருந்தார். தலையில் வாங்கிய அடிகளின் பலன் என்று சொன்னார்கள். கை நடுங்கும், வாய் குழறும், பக்கத்தில் இருப்பது யார் என்று சில நாள் தெரியாது. அண்ணிதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நான் சர்ச்சுக்குப் பூசைக்குப் போற நேரம் இவரைக் கொஞ்சம் வெளிய கூட்டினு போப்பா. வூட்லயே குந்தினு இருந்தா செவுத்தோட சண்டை போடறாரு" என்றார். முதல் ஞாயிறு என்னைப் பார்த்ததும் அவர், "வாடா" என்று என் தோளை அழுத்திப் பிடித்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, சொல்லத்தான் வரவில்லை என்று நினைத்தேன். அதன்பிறகு எல்லா ஞாயிறும் போனேன். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தோடு சேர்ந்து நடப்பதாக நம்பிக்கொண்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாப் எதிரே டீக்கடை. அங்கே ஞாயிறு தோறும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பி.டி. சார். இன்னொருவர் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன். சாம்பியன் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பேசுவது போல அவரைப் பற்றி வாதாடுவார்கள். அவர் டீயில் நனைத்த பன்னை மென்றுகொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு, வழக்கம்போல சார்தான் ஆரம்பித்தார். "முதல் பட்டம் ஓகே, நான் மறுக்கல. மூணாவதுல ஃபைனலே நடக்கல, எதிராளி வரல, வாக்ஓவர். ரெண்டாவதுல யாரை ஜெயிச்சார்? பேர் சொல்லு பார்ப்போம். மேல போகப் போக எடைதான்பா ஏறும், எதிராளியோட தரம் ஏறாது."

"மூணு வெயிட்டு சார், மூணு!" என்றார் ஆட்டோக்காரர். "நீங்க விசில் ஊதினதைத் தவிர லைஃப்ல இன்னா பண்ணீங்க? உங்க ஸ்கூல்ல கபடிக்கே பாதிப் பேருதான் வருவானுங்க." கடைக்காரர்கூடச் சிரித்தார். பிறகு ஆட்டோக்காரர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு மச்சான், எப்பவும் ஊமையாட்டம் குந்தினு கீறே" என்றார். "பெரிய ஆளுதாண்ணா" என்றேன். எனக்கு அதற்குமேல் வராது.

சார் விடவில்லை. நேராகச் சாம்பியனையே கேட்டார். "நீங்களே சொல்லுங்கண்ணே. அந்த ரெண்டாவது ஃபைனல்ல என்ன பெரிசா நடந்தது?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கண்ணில் ஒரு தெளிவு வந்தது. அவ்வளவு நீளமாக, குழறாமல் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அதுவா? பம்மல் பையன் ஒருத்தன். நல்லாத்தான் வந்தான். மொத ரவுண்டுலயே அவன் லெஃப்ட் கண்ணு பூட்ச்சு. அவனுக்குத் தெர்ல. எனக்குத் தெரிஞ்சிபோச்சு. சும்மா சும்மா தொடச்சிகினே இருந்தான். அப்பால இன்னா, அந்த சைடுலயே போட்டுகினு இருந்தேன். வர்றது தெர்லன்னா எப்டித் தடுப்பான்?"

ஆட்டோக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா சார்! இதான் மூளைன்றது!"

சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நியாயமான மனிதர். "சரி, ஒத்துக்கறேன். எதிராளிக்கே தெரியாத குறையை முதல்ல கண்டுபிடிக்கறது எல்லாராலயும் முடியாது. பெரிய ஆள்தான்." பிறகு, "அந்தப் பையன் என்னண்ணே ஆனான்?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்" என்றார் அவர். அடுத்த வாய் பன்னுக்காக என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். ஊட்டினேன்.

பல வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட தீர்ப்பு அது. சாரே ஒத்துக்கொண்டுவிட்டார். அதற்குச் சாட்சி என் கண். அவர் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நல்லாத்தான் வந்தான் என்றும் சொன்னார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கண் ஒரே குத்தில் போனதாக நானே எனக்குச் சொல்லி வைத்திருந்தேன். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டேன், அல்லது மறக்கப் பார்த்தேன். பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அடியாக எடுத்திருக்கிறார். எடுத்தது யாரிடமிருந்து என்பது அவருக்கு நினைவில்லை. அவர் பெரிய ஆள் என்று முடிவானபோது, எனக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

வீடு வரை கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மதியம் அண்ணி ஃபோன் செய்தார். பாத்ரூமில் விழுந்துவிட்டாராம், தூக்க ஆள் இல்லையாம். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்த் தூக்கினேன்.