பட்டாசல் யாருக்கு?

"பட்டாசல் பொன்செல்விக்கு. மத்ததெல்லாம் இசக்கிராஜாவுக்கு" என்று சொந்தபந்தங்களைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார். இனி ஒரு வில்லங்கமும் வராது என்றுதான் பொன்செல்வி நினைத்தாள். புருஷன் இறந்தபின் சங்கரன்கோவிலில் பிறந்த வீட்டுக்கே வந்து, நைட்டி தைத்துப் பிழைக்கிறவள் அவள். வீட்டின் நடுவே நீளமாகக் கிடக்கும் பட்டாசலில் இன்னும் இரண்டு மிஷின் போட்டு, ஆள் வைத்துத் தைக்கலாம் என்று ஆசைப்பட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு தம்பியிடம் பேச்செடுத்தாள்.

"பட்டாசல்னா முன்ரூம்லா, அக்கா. நடுவுல கெடக்கது ஹாலு" என்றான் இசக்கிராஜா.

முன்ரூம் தெருவைப் பார்த்த சின்ன அறை. ஒரு கட்டில் போட்டால் கால் வைக்க இடமிருக்காது.

"எலே, மனசறிஞ்சு சொல்லு!"

"அறிஞ்சுதான் சொல்லுதேன்."

அவளுக்கு எரிச்சல் என்னவென்றால், அவளே இத்தனை வருஷமாக அதை ஹால் என்றுதான் சொல்லிவந்தாள். தம்பி பொண்டாட்டி கோகிலா வந்து, டைல்ஸ் ஒட்டி, டிவி மாட்டிய பிறகு அந்தச் சொல்லே வீட்டில் புழங்கவில்லை.

சொந்தக்காரர்களிடம் போனாள். எங்கள் வீட்டில் முன்கட்டுத்தான் பட்டாசல் என்றார் ஒருவர். சாமி படம் இருக்கிற இடம் என்றார் இன்னொருவர். பட்டு நெய்த சாலைதான் பட்டாசல், தறி கிடந்த இடம் எது என்று பார் என்றார் பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரர். அந்த வீட்டில் தறியே கிடந்ததில்லை. பிளான் போடும் இன்ஜினியரோ, "அப்படி ஒண்ணு நாங்க போடுறதே இல்லைக்கா" என்று சிரித்தார்.

கடைசியில், அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் தமிழாசிரியை ஹஸ்னா பானு அகராதியைப் புரட்டினார். "பட்டகசாலைன்னு ஒரு சொல் இருக்குக்கா. அது தேஞ்சு பட்டாசாலை ஆகி, நம்ம வாயில பட்டாசல் ஆயிட்டுங்காங்க. பட்டகம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. ஆனா பொருள், வீட்டோட கூடம்."

கூடம்! பொன்செல்வி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

இசக்கிராஜா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு பேரு கூடினா கூடம். முன்ரூம்லயும் கூடலாம்லா?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஆவணியில் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். முன்ரூமில் நெரிசல், புழுக்கம். இசக்கிராஜா பதறிப்போய்க் கத்தினான்: "ஏட்டி கோகிலா, அவுகளப் பட்டாசலுக்குக் கூட்டிட்டுப் போ! அங்கனதான் ஃபேன் ஓடுது!"

அப்பா சொன்னபோது கூட இருந்த மாமா சங்கரபாண்டி அவனைத் திரும்பிப் பார்த்தார். காபித் தட்டோடு நின்ற பொன்செல்வியும் பார்த்தாள். நல்ல காரியம் நடக்கிற வீடு. பல்லைக் கடித்துக்கொண்டு காபியைக் கொடுத்தாள்.

மறுநாள் மாமாவைக் கூட்டிவைத்துக் கேட்டாள்.

"வாய் தவறி வந்துட்டு" என்றான் இசக்கிராஜா.

"வாய்க்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலயாக்கும்?" என்றார் மாமா.

அதற்குப் பிறகும் முழுதாக விட அவனுக்கு மனம் வரவில்லை. நடுவில் பிளைவுட் தட்டி அடித்து, பாதியைக் கொடுத்தான். ஜன்னல் அவன் பக்கம் போய்விட்டது. வழக்குப் போட அவளுக்குத் தெம்பில்லை. மூன்று மிஷினையும் நெருக்கிப் போட்டாள். பட்டப்பகலில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஊசியில் நூல் கோக்கிறாள். தட்டிக்கு அந்தப்புறம் டிவி சத்தம் கூடும்போதெல்லாம் மிஷினை இன்னும் வேகமாக மிதிக்கிறாள்.