நாங்க பாத்துக்குறோம்

ஊரில் அவளை ரேடியோ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே ரேடியோ அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் ரேடியோ. அவள் கோபித்துக்கொண்டதில்லை. பட்டம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் சொல்வது அவள் பிழைப்பு. வீட்டில் ஓயாத வாய், வேலைக்குப் போனால் அடுத்தவர் வாய். அதற்குப் பேர் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம்.

அதற்கு முன்னால் ஒரு சரக்கு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். அங்கே வந்துபோன வெளிநாட்டு வியாபாரிகளிடம் அவர்கள் மொழியைக் காதாலேயே பிடித்துக்கொண்டாள். சண்டையில் ஆபீஸ் கூரையோடு போனது. புருஷன் அதற்கும் முன்பே போய்விட்டான். குண்டுபட்டு அல்ல, இன்னொருத்தியோடு. அவளுக்கென்று மிஞ்சியது ஒரே தங்கை. அம்மா போன பிறகு தலைவாரிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்து வைத்தது வரைக்கும் எல்லாம் அவள்தான். தங்கை புருஷனுக்கு மில் சந்தில் ஒரு மாவு மில் இருந்தது. அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண். மாவுத் தூசியில் புருவம் வெளுத்துத் திரியும் அந்தக் குட்டியைக் கண்டால் பெரியம்மாவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

சண்டை ஓய்ந்ததும் அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பை அனுப்பிவைத்தன. அமைதி, காவல், பாதுகாப்பு, வளர்ச்சி என்று நாலு வார்த்தையையும் வெள்ளை வண்டிகளின் பக்கவாட்டில் எழுதியிருந்தார்கள். ஒரு கதவில் இடம் போதாமல் பாதி முன்கதவிலும் பாதி பின்கதவிலும் போனது. முன்கதவைத் திறந்தால் அமைதியும் காவலும் மறைந்துவிடும். ஊர்ச் சிரிப்புக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் சாக்கடை வெட்டினார்கள், தெருவிளக்குப் போட்டார்கள், போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். போலீசுக்கு ஒரு ஜீப்பும் தந்தார்கள். அதற்கு டீசல் போட மட்டும் எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டுமாம். ஜீப் ஸ்டேஷன் வாசலில் நின்ற இடத்திலேயே நின்றது.

அவளுக்கு மேலதிகாரி ஒரு கேப்டன். நல்ல மனிதர். அதுதான் இந்தக் கதையில் ஆத்திரமே. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடலாம்.

மில் சந்தில் வில்லங்கம் ஆரம்பித்தது குவாரி ஆட்களால். சண்டைக் காலத்தில் கல் குவாரியைப் பிடித்துக்கொண்ட கும்பல் அது. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. குவாரியிலிருந்து லாரி இறங்க இருந்த ஒரே வழி மில் சந்து. வீடுகளை இடித்தால் வழி அகலமாகும், அவ்வளவுதான் கணக்கு. "காலி பண்ணிட்டுப் போயிடுங்க, இல்லேன்னா நாங்க பண்ணுவோம்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சந்தில் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். தங்கை வீட்டிலும் பாத்திரம் பண்டமெல்லாம் தள்ளுவண்டியில் ஏறியாயிற்று.

அந்த நேரத்தில்தான் வெள்ளை வண்டி வந்து நின்றது. கேப்டன் இறங்கினார், ரேடியோவும் இறங்கினாள். மாவு மில் முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் நின்ற தையல்காரி நேராகக் கேட்டாள். "போகட்டுமா, இருக்கட்டுமா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

கேப்டன் யோசித்துப் பேசினார். இந்தப் பகுதியை நாங்கள் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். அவர் மொழியில் அது கச்சிதமான வாக்கியம். அமைப்பு அவருக்குக் கொடுத்திருந்த வேலையே அதுதான்: பார்ப்பது, பார்த்ததை மேலே சொல்வது.

அவள் வாயைத் திறந்தாள். எதிரே பயந்துபோன முகங்கள். தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "பாத்துக்கிட்டு இருப்போம்" என்று எப்படிச் சொல்வது? நம் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம்? வீடு எரியும்போது கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பவன் சொல்லும் வார்த்தை அல்லவா அது! இத்தனை தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்து ஒரு பெரிய மனிதர் அப்படியா சொல்வார்? அவமரியாதையாகப் பட்டது அவளுக்கு. காப்பாற்றுவோம் என்பதுதான் அவர் மனதில் இருக்கும் என்று நினைத்தாள். தப்பாக நினைத்தாள்.

"ராத்திரி பகலா நாங்க பாத்துக்குறோம்னு சொல்றாரு" என்றாள்.

பாத்துக்குறோம். பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அலறும் தாயிடம் நர்சு சொல்லும் வார்த்தை. வேலை போய் நிற்பவனிடம் கூடப்பிறந்தவன் சொல்லும் வார்த்தை. அதைக் கேட்ட பிறகு எவனாவது ஊரை விட்டுப் போவானா? முற்றமே மூச்சு விட்டது. தையல்காரி கும்பிடாத குறை. மில்காரன் அங்கேயே தள்ளுவண்டியின் கயிற்றை அவிழ்த்தான். "அப்புறம் என்ன, இறக்குங்கடா" என்று பக்கத்து வீட்டுக்காரர்களையும் விரட்டினான். கேப்டன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். தன் பேச்சு இவ்வளவு தெம்பைக் கொடுத்ததில் அவருக்கு ஆச்சரியமும் சந்தோஷமும்.

மறுநாள் காலையில் ஆபீசில் டீ குடிக்கும்போது, சந்துக்கு எத்தனை பேரை அனுப்பப்போகிறீர்கள் என்று கேப்டனிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். எங்கே அனுப்புவது என்று அவர் திருப்பிக் கேட்டார். மில் சந்துக்கு, குவாரி ஆட்கள் வந்தால் தடுக்க, என்றாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லையே, தண்ணீர்த்தொட்டி மேட்டில் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்போம், எது நடந்தாலும் தலைமையகத்துக்குச் சொல்வோம், அதைத்தானே நேற்றுச் சொன்னேன், என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

தான் சொன்னதை அப்படியே அவள் சொன்னாள். அந்த மனிதரின் முகம் செத்துப்போயிற்று.

வாருங்கள், இப்போதே போய்ச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினாள். அவர் தலைமையகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்து பதில் சுடச்சுட வந்தது. மக்களை வீட்டைவிட்டுப் போகச் சொல்வது இந்த அமைப்பின் வேலை அல்ல, அப்படிச் சொன்னால் நாமே அவர்களை விரட்டியதாகிவிடும், யாரும் எதுவும் சொல்லக் கூடாது. இருக்கச் சொல்லவும் ஆளில்லை, போகச் சொல்லவும் ஆளில்லை. இந்த அழகில் நாலு வார்த்தை வண்டியில்!

அவள் கழுத்து அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வேகுவேகென்று நடந்தே போனாள். மில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். மெஷினை நிறுத்தச் சொன்னாள். கூட்டம் மறுபடியும் கூடியது.

"நேத்து நான் சொன்னது தப்பு. அவங்க வரமாட்டாங்க. பாத்துக்குறோம்னு சொல்லல, பாத்துக்கிட்டு இருப்போம்னுதான் சொன்னாரு. மேட்டு மேல நின்னு பாப்பாங்க, அவ்வளவுதான். இன்னிக்கே கிளம்பிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தையல்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னடி இது, ரேடியோ இன்னிக்கு வேற ஸ்டேஷன் பாடுது?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு உடனே அடங்கியது.

"நேத்து அந்த ஆபீசரு வாயால சொன்னாரு, அவரு முகத்தை நாங்க பாத்தோம். இன்னிக்கு ஆபீசரு எங்க? நீ மட்டும் வந்து காலி பண்ணுங்கறே. குவாரிக்காரனும் அதைத்தான் சொல்றான். அவன்கிட்ட எப்பப் போய்ச் சேந்தே?"

இத்தனை வருஷம் பிறத்தியார் பேச்சைப் பேசியவளை ஊர் நம்பியது. முதல்முறையாகத் தன் பேச்சைப் பேசியதும் கேட்க நாதியில்லை. "என் தங்கச்சி மேல ஆணையாச் சொல்றேன்" என்றாள். "அவளை எதுக்கு இழுக்குறே" என்று யாரோ பின்னாலிருந்து வெடுக்கென்றார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மில்காரனிடம் தனியாக மன்றாடினாள். அவன் மெஷினின் பெல்ட்டைத் தடவிக்கொண்டே நின்றான்.

"அக்கா, உங்களை நான் தப்பாச் சொல்லல. ஆனா இதைப் பேத்து எடுத்துட்டுப் போக முடியுமா? இதை விட்டுட்டுப் போனா அப்புறம் எதுக்குப் போறது? நேத்து இறக்கினதை இன்னிக்கு ஏத்தினா சந்துல என்னை என்ன சொல்வாங்க?"

தங்கை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டும் கெட்டான் நிலைமை.

"நீயாவது வாடி" என்றாள் அக்கா.

"அவரை விட்டுட்டா? நல்லாருக்கே." தங்கை உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் தோளில் போட்டாள். "இவளை மட்டும் கூட்டிட்டுப் போ. ரெண்டு நாள் கழிச்சு வந்து வாங்கிக்கிறேன்."

சந்திலிருந்து அன்று வெளியேறியது அந்தக் குழந்தையும், அவள் பேச்சை எதனாலோ நம்பிய சலவைக்காரரின் குடும்பமும்தான். அவள் அழுதுகொண்டே நடந்தாள். குழந்தை இவள் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் மாவாக்கியது.

குவாரி ஆட்கள் மறுநாள் சாயங்காலம் வந்தார்கள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. யாருக்கும் பயந்து இருட்டில் வர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. வெள்ளை வண்டி தண்ணீர்த்தொட்டி மேட்டில் நின்றது. கேப்டன் தொலைநோக்கியோடு முன்சீட்டில், கழற்றிய அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு அவள் பின்சீட்டில். குழந்தையை ஆபீஸ் சமையற்காரியிடம் விட்டிருந்தாள். முதல் லாரி சந்துக்குள் நுழைந்ததும் கேப்டன் தலைமையகத்துக்குப் பேசினார். காத்திருங்கள் என்றார்கள். இரண்டாவது லாரி நுழைந்தது. மறுபடி பேசினார். அந்த மனிதர் கத்தினார், கெஞ்சினார், ஒலிவாங்கியைக் கதவில் அடித்தார். காத்திருங்கள் என்றார்கள்.

அவள் செல்போன் அடித்தது. தங்கை.

"அக்கா, வந்துட்டாங்க. எங்க இருக்கீங்க? ஆபீசரை வரச் சொல்லு."

"ஓடு. பின்பக்கம் சாக்கடை வழியா ஓடு. எதையும் எடுக்காதே."

"நீ சொல்றது இருக்கட்டும், ஆபீசர் என்ன சொல்றாரு? அவரைக் கேட்டுச் சொல்லு!"

"யாரும் வரமாட்டாங்கடி, ஓடு!"

போன் அறுந்துபோனது. மேட்டிலிருந்து பார்த்தால் புகைதான் தெரிந்தது. தங்கை ஓடிவந்துவிட்டாள், அமைப்பு வெட்டிக்கொடுத்த புதுச் சாக்கடை வழியாகத்தான் வந்தாள். அவள் புருஷன் மெஷினை விட்டு நகரவில்லை. மில்லுக்குள்ளேயே வைத்துக் கொளுத்திவிட்டார்கள். தையல்காரி, அவள் மாமியார், இன்னும் பலர் சந்திலேயே முடிந்துபோனார்கள்.

அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அவள் குழந்தையோடு போனாள். தங்கை குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டாள். என்கூட வந்து இரு என்று அக்கா சொல்லச் சொல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துணிமணி கொடுத்தனுப்பினால் அப்படியே திரும்பி வந்தது. கேப்டனை மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை விஷயம் அவரோடு போய்விட்டது. அவர் மேலிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லப் பயம், வேறொன்றுமில்லை.

பிறகு தலைமையகத்திலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைவியாக ஒரு பெண் அதிகாரி. மொழி தெரிந்தவள் ஊரில் இவள் ஒருத்திதான். பள்ளிக்கூட வகுப்பறையில் நாற்காலி போட்டு, தப்பித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் தங்கையும் வந்து எதிரே உட்கார்ந்தாள். இவர்கள் இருவரும் அக்கா தங்கை என்று அந்த மூன்று பேருக்கும் தெரியாது. தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த உத்தியோகத்தில் ஒரு விதி உண்டு. அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார் என்று சொல்லக் கூடாது. சொன்னவராகவே மாறி, நான் என்றுதான் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களிடம் அது எடுபடாது என்று அவள் விட்டிருந்தாள். ஆனால் அதிகாரிகள் பக்கம் விதிப்படியே நடந்தாக வேண்டும்.

மிரட்டல் வந்த பிறகும் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை என்று பெண் அதிகாரி கேட்டார். அவள் அதைத் தங்கையிடம் கேட்டாள்.

"என் அக்கா இருக்கச் சொன்னா. நம்பி இருந்தோம்" என்றாள் தங்கை. "அப்புறம் போகச் சொன்னா. எதை நம்புறது?"

என் அக்கா இருக்கச் சொன்னாள், நம்பி இருந்தோம், அப்புறம் போகச் சொன்னாள், எதை நம்புவது என்று அவள் அந்த மொழியில் சொன்னாள். குரல் நடுங்கியது. அதிகாரிகள் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அக்காவையும் விசாரிக்க வேண்டும், இப்போது எங்கே இருக்கிறார் என்று பெண் அதிகாரி கேட்டார்.

"அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்கன்னு கேக்குறாங்க."

தங்கை அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"செத்துட்டா."

நான்தான் அந்த அக்கா என்று சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் அக்கா இறந்துவிட்டாள் என்று சொன்னாள்.

பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி, இதை அவரிடம் சொல்லுங்கள் என்று இவளுக்குத் தலையசைத்தார்.

"உங்க அக்கா போனதுக்கு ரொம்ப வருத்தப்படுறாங்களாம்" என்றாள் அவள், தங்கையிடம்.