ஒலிப்பதிவில் வந்த பெயர்

சென்ற ஆண்டு ஆடி: என் மனைவிக்கு வந்திருப்பது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய் என்று உறுதியானது.
ஆவணி: சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஆக்ஸிஜன் இயந்திரம் வந்தது.
ஐப்பசி: தாம்பரத்தை அடுத்த ஒரு மருத்துவமனையில் நடந்துகொண்டிருந்த ஆய்வில் அவள் சேர்ந்தாள். ஒரே நாளில் இரத்தம் எடுத்தார்கள், மூச்சின் அளவைப் பார்த்தார்கள், குரலைப் பதிவு செய்தார்கள்.
தை: அவள் காலமானாள்.
பங்குனி: மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

நான் சொல்ல வந்தது அந்தக் கடைசி வரியைப் பற்றி.

ஆய்வின் நோக்கம் எளிமையானது. மூச்சுத்திணறல் முற்றுவதற்கு முன்பே குரலில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால், அதே நாளில் எடுத்த இரத்தத்தோடும் மூச்சின் அளவோடும் அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. மருத்துவர் இதை விளக்கியபோதே, அதனால் அவளுக்குப் பயன் ஒன்றும் இருக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவள் யோசிக்கவே இல்லை. "எனக்கு ஆகாட்டி என்ன, பின்னால வர்றவங்களுக்கு ஆகட்டும். பேசத்தானே சொல்றாங்க? அதுக்கென்ன கஷ்டம்?" என்றாள். அவளுக்குப் பேசுவதுதான் அப்போது மிகவும் கஷ்டமாக இருந்தது.

குரல் பதிவு செய்யும் அறைக்குள் நோயாளியும் ஆய்வாளரும் மட்டுமே இருக்கலாம். சுவர் முழுதும் தடித்த பஞ்சுப்பலகை. கதவு குளிர்பதன அறைக் கதவைப் போலக் கனமானது. நான் மாற்று ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. கத்தச் சொன்னா, கத்தினேன்," என்றாள். ஆட்டோ வந்துவிட்டது; அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பங்குனியில் தொலைபேசியில் பேசியவர் அன்று அவளோடு உள்ளே இருந்த இளம் ஆய்வாளர். முதலில் வருத்தம் தெரிவித்தார். பிறகு சற்றுத் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"சார், ரெக்கார்டிங் எல்லாத்தையும் அனலிசிஸ் டீமுக்கு அனுப்பப் போறோம். யாரோட பேரும் அதுல இருக்கக் கூடாதுன்னு ரூல். ஆன்ட்டி பேசினதுல ஒரு பேர் வருது."

"யார் பெயர்?"

"உங்க பேர்தான் சார்."

அப்படி இருக்க முடியாது என்று உடனே சொன்னேன். அதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. உறுதியாகத் தெரிந்த ஒன்றாகச் சொன்னேன். எங்கள் மணவாழ்வு முழுவதிலும் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எனக்கு அவள் வைத்திருந்தது 'ஏங்க' என்ற ஒரு சொல்தான். வங்கியில் கணவர் பெயர் கேட்டால் அடையாள அட்டையை நீட்டுவாள். தொலைபேசியில் யாராவது கேட்டால் என்னைப் பார்ப்பாள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வாளாம். அதை முழுப் பெயராக அவள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் மகள் சிறுவயதில் இதை வைத்தே அவளைச் சீண்டுவாள். "அம்மா, அப்பா தொலைஞ்சு போனா போலீஸ்ல என்னன்னு சொல்லுவே?" அதற்கு அவள், "அவர் எங்கடி தொலையப் போறாரு, அந்த அளவுக்கு சாமர்த்தியம் ஏது?" என்பாள்.

ஆகவே என் மனம் வேறு முடிவுக்குப் போனது. பல்லாண்டுகள் காட்டாங்குளத்தூரில் இயற்பியல் கற்பித்தவன் நான். சோதனைக்கூடத்தில் மாதிரிகள் இடம் மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். என்னுடையது அபூர்வமான பெயரும் இல்லை. வேறொரு நோயாளியின் குரல் என் மனைவியின் இரத்தத்தோடும் மூச்சோடும் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று எண்ணினேன். அவள் கடைசியாக விரும்பிக் கொடுத்த ஒன்று வேறு யாருடையதாகவோ ஆகிவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் போய்த் தவற்றைத் திருத்துவதென்று முடிவு செய்து, மறுநாள் காலை தாம்பரத்துக்குப் புறப்பட்டேன்.

ஆய்வாளர் என் வாதத்தைப் பொறுமையாகக் கேட்டார். மறுத்துப் பேசவில்லை. "நீங்களே கேட்டுப் பாருங்க சார்," என்று அதே அறைக்குள் அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது இருமல். அதிலேயே என் வாதம் முடிந்துவிட்டது. அந்த இருமல் அவளுடையது.

அதன்பின் ஆய்வாளரின் குரல் கேட்டது. "அடுத்தது ஈசி ஆன்ட்டி. வீட்டுல தூரத்துல இருக்கிறவங்களைக் கூப்பிடுற மாதிரி சத்தமாக் கூப்பிடணும்."

"ஏங்க," என்றாள் அவள்.

"இன்னும் சத்தமா. மீட்டர் ஏறவே மாட்டேங்குது."

"அவருக்கு இதுவே கேட்டுடும். உன் மிஷினுக்குத்தான் காது மந்தம்."

"ஆன்ட்டி! 'ஏங்க'ன்னு சொன்னா காத்துதான் வருது. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"ஐயோ, அதெல்லாம் வராதும்மா."

"சரி, பொண்ணு பேரைச் சொல்லுங்க."

"அவ கனடாவுல இருக்கா. நான் கத்தி அங்க கேக்கவா போகுது? வீட்டுல இருக்கிறது இவர் ஒருத்தர்தான்."

"அப்ப சார் பேரைத்தான் சொல்லணும்."

சற்று நேரம் அவள் மூச்சு வாங்கும் ஓசை மட்டும் இருந்தது. பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "அவர் வெளியவே உக்காந்திருக்காரு. கேட்டுடாதே?"

"இங்க வெடி வெச்சாலும் வெளிய கேக்காது ஆன்ட்டி."

"நிஜமா?"

"சத்தியமா."

அவள் மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொள்வது கேட்டது. அதன்பின் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முழுப் பெயர், கடைசி எழுத்தை நீட்டி, மாடியில் இருப்பவனைக் கூப்பிடுவது போல. கூப்பிட்டவுடன் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "போதுமா? இதை அவருகிட்ட போட்டுக் காட்டிடாதே," என்றாள்.

திரையில் அவள் குரல் ஒரு வரைபடமாக ஓடியிருந்தது. அந்தப் பதிவு முழுவதிலும் உயரமாக எழுந்து நின்ற முகடு அந்த ஓர் இடம்தான். அவளிடம் அவ்வளவு மூச்சு இருந்தது எனக்குத் தெரியாது. அது எழுந்த வேளையில் நான் கதவுக்கு வெளியே, நாலடி தூரத்தில், சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு முறை போடச் சொன்னேன். ஆய்வாளர் போட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "காட்டிடாதேன்னு சொன்னாங்க சார். ஆனா நீங்க அது ஆன்ட்டியே இல்லைன்னு சொன்னதும் என்ன பண்றதுன்னு தெரியல," என்றார். செய்தது சரி என்று சொன்னேன்.

பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். விதிப்படி ஒலிப்பதிவு எதையும் வெளியே தர இயலாது என்றார். விதி சரியானது என்பதை நான் அறிவேன், மீண்டும் கேட்கவில்லை. எஞ்சியது ஒரு முடிவு. பெயரை அழித்தால் அந்த அழைப்பு அளவீட்டுக்குப் பயன்படாது. அவளுடைய பதிவே குறைப்பதிவாக ஒதுக்கப்படும். பெயருக்கு உரியவர் சம்மதித்தால் அப்படியே இருக்கலாம். நான் சம்மதித்துக் கையெழுத்திட்டேன். இனி எங்கோ, முகம் தெரியாத சிலர், அவள் யாரைக் கூப்பிட்டாள் என்று அறியாமலேயே அந்த முகட்டை அளப்பார்கள். அவள் கேட்டுக்கொண்டதை எண்ணி அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

அவள் என் பெயரைச் சொல்லாமலிருந்ததைப் பழக்கம் என்றும், சில சமயம் கூச்சம் என்றும் இத்தனை காலம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று கேட்ட பிறகு, அது அவள் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்த ஒன்று என்று தோன்றுகிறது.

இன்னும் செய்யாதவை:

ஆக்ஸிஜன் இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவது.

மகளிடம் இதைச் சொல்வது. அவள் சிரிப்பாள், அதன்பின் என்ன ஆகும் என்பதால் தள்ளிப்போடுகிறேன்.

நோயில்லாதவர்களின் குரலும் ஒப்பிடுவதற்குத் தேவை, வர முடியுமா என்று ஆய்வாளர் கேட்டிருந்தார். அதற்கு நாள் குறிப்பது. உள்ளே போனதும், வீட்டில் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போலக் கூப்பிடச் சொல்வார்கள். யாரை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.