அண்ணனின் நாடி ஐம்பது

இந்த ஜெர்மன் ஊருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. இன்னமும் கடையில் திராட்சையை எடுத்தால் கை தானாக மூக்குக்குத்தான் போகிறது. ஒரு சனிக்கிழமை அப்படி முகர்ந்துகொண்டிருந்தபோது கடைக்காரப் பெண் ஓடிவந்து, "ஃப்ரிஷ்! கான்ஸ் ஃப்ரிஷ்!" என்றாள். புதுசுதான், இன்றுதான் வந்தது என்கிறாள். நான் அழுகலைத் தேடுகிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவம். தேடுவது பூச்சிமருந்து நெடியை என்று விளக்க என் ஜெர்மன் போதவில்லை. வேண்டாத ஒரு கிலோவை வாங்கிக்கொண்டு அசடு வழிய வந்துவிட்டேன்.

சின்னமனூர் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். அண்ணன்தான் பார்க்கிறார். மருந்தடிக்கிற நாளில் சோற்றில்கூட அந்த நெடி இருக்கும். அதிலேயே வளர்ந்த நான் இன்று வேலை செய்வது மூளைத்தண்டில். நம்மைக் கேட்காமலே இதயத்தையும் மூச்சையும் ஓட்டிக்கொண்டிருக்கும் நரம்புக் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது இதயம் கொஞ்சம் மெதுவாகும். வேகஸ் என்ற நரம்பு வழியாக மூளை அனுப்பும் கட்டளை அது. எலிகளிடம் அந்தக் கட்டளை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு. இதை வீட்டில் விளக்கி முடிப்பதற்குள் நான் 'மூளை டாக்டர்' ஆகிவிட்டேன். யாருக்கு என்ன என்றாலும் முதல் போன் எனக்கு, ஆஸ்பத்திரி அப்புறம்தான். நான் வைத்தியம் படித்தவள் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்திருந்தது. இதைப் படிப்பவர்களில் என்னைப் போலக் கடல் கடந்து போனில் வைத்தியம் சொல்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு நாள் காலை, ஆய்வகத்தில் காபியும் கையுமாக இருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். அங்கே மதியம் தாண்டியிருந்தது.

"என்னமோ மாதிரியா வருது பாப்பா. நெஞ்ச அடைக்குது, ஒரே வேர்வை. மேலுக்கு முடியல."

அது அவர் மகளின் பரீட்சை முடிவு வரவேண்டிய வாரம். நாலு நாளாக அதையே புலம்பிக்கொண்டிருந்தார். பதற்றம்தான் என்று நானே முடிவு கட்டினேன். நாலு எண்ணி மூச்சை இழுக்கவும், எட்டு எண்ணி விடவும் சொல்லிக் கொடுத்தேன். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணச் சொன்னேன். அறுபத்திரண்டு என்றார். கால் மணி நேரம் கழித்து ஐம்பது என்றார்.

"பாத்தீகளா, கொறையுது. அப்படியே செய்யுங்கண்ணே" என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

பதறுகிறவரின் இதயம் படபடவென்று அடிக்க வேண்டும். வேர்த்துக் கொட்டுகிற மனிதருக்கு நாடி ஐம்பது என்றால் என் மாணவர்கள்கூடச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அன்று காலை முழுக்க அவர் மருந்தடித்திருக்கிறார். நான் கேட்கவில்லை. அந்தப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் வேகஸின் கட்டளை அடங்காமல் ஓங்கிக்கொண்டே போகும், இதயம் இறங்கிக்கொண்டே வரும். நான் சொல்லிக் கொடுத்த நீண்ட மூச்சும் அதே பக்கம்தான் தள்ளியது. சந்தைக்குப் போயிருந்த மதினி திரும்பி வந்து, அவர் வாயில் எச்சில் வழிவதைப் பார்த்து, சட்டையை மோந்து பார்த்து, மருந்து டப்பாவையும் கையோடு தூக்கிக்கொண்டு தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டப்பாவைப் பார்த்ததுமே அட்ரோபின் ஊசி போட்டிருக்கிறார்கள். வேகஸை அடக்குகிற மருந்து. என் மேஜைக்கு மேலே அலமாரியிலேயே இருக்கிறது, வாரம் தவறாமல் எலிகளுக்குப் போடுகிறேன்.

அண்ணன் பிழைத்தார். "பாப்பா சொன்ன மூச்சுலதான் ஆஸ்பத்திரி வரைக்கும் தாக்குப் புடிச்சேன். டாக்டரே ஆச்சரியப்பட்டாக" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு கேவலமானவள் நான்.

போன வாரம் அண்ணன் ஆய்வகத்துக்கே வீடியோவில் வந்தார். பந்தலுக்கடியில் வேலையாட்கள் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மருந்தடிச்சு ஒரு மாதிரியா வந்தா இதச் செய்யுங்கன்னு சொல்லியிருக்கேன் பாப்பா. சும்மா ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம்ல?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த ஐம்பதையும் சொன்னேன், நான் சந்தோஷப்பட்டதையும் சொன்னேன். "மதினி வரலைன்னா அன்னைக்குச் செத்திருப்பீக அண்ணே. என்னாலதான்."

அண்ணன் ஆட்கள் பக்கம் திரும்பி, "எப்பா, அத விடுங்க. மேலுக்கு முடியலைன்னா டப்பாவத் தூக்கிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அழுகாத பாப்பா. நீ இங்கன இருந்திருந்தா மோந்தே கண்டுபுடிச்சிருப்ப."

ஆறுதலாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து அட்ரோபின் குப்பியை எடுத்தேன். மூடியைத் திறந்து, கடையில் திராட்சையை எடுப்பது போலவே, மூக்குக்குக் கொண்டுபோனேன். பக்கத்து மேஜை ஜெர்மன்காரி நிமிர்ந்து பார்த்து, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாள்.

இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அதற்கு வாசனையே இல்லை.