அடுப்படிக்கு ஒரு கேமரா

1. இடம் காட்டியவர்

திருச்செங்கோட்டில் கேமரா மாட்டும் வேலை செய்கிறேன். அதற்கு முன் கேபிள் டிவியில் லைன்மேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த கம்பெனி கேமரா நல்லது, எத்தனை மெகாபிக்சல் போடலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது. நான் சொல்ல நினைப்பது மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்தது.

அந்த வீட்டுக்காரர் குமரேசன், ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவார். வீட்டில் மனைவி சுகந்தியும் பேசப் பழகிக்கொண்டிருந்த மகள் தர்ஷினியும் மட்டும். அப்போது அந்தப் பக்கம் கிணற்று மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போகும் திருட்டு நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

கேட்டுக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, மோட்டார் ரூமுக்கு ஒன்று என்று பேசி முடித்தோம். சுவரில் ஓட்டை போட நான் டிரில்லிங் மிஷினை எடுத்தபோது, "பாய், உள்ளுக்கு ஒண்ணு வேணுமுங்க. சுத்துற கேமரா இருக்குதில்ல, பேச்சும் வருமே, அது" என்றார்.

"உள்ள எதுக்குங்க? திருடன் உள்ள வரங்காட்டி கேட்லயே தெரிஞ்சிரும்."

"திருடனுக்கு இல்லீங்க பாய். அங்க ரிக்குல சாயங்காலமானா பேச்சுத் துணைக்கு ஆளே கிடையாது. டென்டுக்குள்ள அவனவன் போனைப் பாத்துட்டுப் படுத்துக்குவான். நான் இவிய சாப்பிடறதைப் பாத்துட்டே சாப்பிட்டுக்குவேன்."

ஹாலில் மாட்டலாம் என்று சுவரைத் தட்டிப் பார்த்தேன். டீயோடு வந்த சுகந்தி சிரித்துக்கொண்டே, "ஹால்ல நாங்க எங்கீங்ணா உக்காரறோம்? அடுப்படியிலதான் பாய் போட்டுச் சாப்பிடுவோம். அங்க மாட்டுங்க, தட்டுல என்ன இருக்குதுன்னு அவருக்குத் தெரியட்டும்" என்றார். எந்த மூலை என்று கையை நீட்டி இடம் காட்டியதும் அவர்தான்.

2. தட்டில் என்ன இருக்கிறது

முதல் வருடம் அந்த வீட்டுக்குப் போவதே சந்தோஷமாக இருந்தது. ரவுட்டரில் சிம் மாற்ற ஒரு மத்தியானம் போனேன். கேமராவுக்குக் கீழே பாய் விரித்து அம்மாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து குமரேசனின் குரல் வந்தது. "கண்ணு, அந்த முருங்கக்காயை அப்பனுக்குக் குடு." குழந்தை ஒரு துண்டை எடுத்துக் கேமராவை நோக்கித் தூக்கிக் காட்டியது. "நல்லா இருக்குது சாமி, இன்னொண்ணு" என்றது குரல். சுகந்தி வாய் மூடாமல் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். "ஆயிரம் மைல் தாண்டி இருக்கிற மனுசன் பிள்ளை கையால சோறு வாங்கித் தின்னுட்டான்" என்றேன். அதன் பிறகு வெளியூர் வேலைக்குப் போகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லி உள் கேமரா மாட்டச் சொல்வேன். பலர் மாட்டினார்கள்.

3. ஆஃப்லைன்

பிறகு குமரேசனிடமிருந்து புகார் வர ஆரம்பித்தது. "பாய், அடுப்படிக் கேமரா மட்டும் அடிக்கடி ஆஃப்லைன் காட்டுது. மத்ததெல்லாம் ஓடுது."

ஒன்று மட்டும் போகிறதென்றால் அடாப்டர்தான் என்று நினைத்து புது அடாப்டரோடு போனேன். பழைய அடாப்டரில் ஒரு குறையும் இல்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. போட்டுவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

"சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சுங்கம்மா. பாப்பா கைபட்டிருக்கும்."

சுகந்தி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். "பாப்பா இல்லீங்ணா. நான்தான் அணைச்சேன்" என்றார்.

நான் புது அடாப்டரைத் திரும்பப் பையில் போட்டேன். அவர் சத்தத்தை இறக்கிச் சொன்னார். "மொதல்ல சாப்பிடறப்ப மட்டும் பாத்தாருங்க. இப்ப எந்நேரமும். தட்டு ஏன் இன்னும் கழுவல, பால்காரன்கிட்ட என்ன அத்தனை நேரம் பேச்சு, பாப்பாவுக்கு ஏன் ஸ்வெட்டர் போடல. அது திரும்பறப்ப கிர்ருனு ஒரு சத்தம் வருமில்லீங்ணா, அது கேட்டா எனக்குக் கை ஓட மாட்டேங்குது. தலைக்கு ஊத்திட்டு வந்தா துண்டோட அப்படியே கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கறேன், அது திரும்பிப் போகட்டும்னு."

"அவரு சந்தேகப்படறாருங்களா?"

"அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லீங்ணா. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அவரு என்னைப் பாத்துட்டே இருக்கறாரு, அவ்வளவுதான். அதுக்கு என்னன்னு சண்டை போடறது?"

அப்போது கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. "பாய், என்னாச்சுங்க? அவ என்ன சொல்றா?"

சுகந்தியின் முகம் மாறியதைப் பார்த்தேன். கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்ட ஆரம்பித்தார். "வோல்டேஜ் ஏறி எறங்குதுங்க, அதான்" என்று நான் மேலே பார்த்துச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எதிரில் ஆள் இல்லை, சுவரில் ஒரு வெள்ளை உருண்டை இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி அவருக்கு போன் செய்தேன். "தப்பா எடுத்துக்காதீங்க. கேட்டு, கொட்டகை, மோட்டார் ரூம் இருக்கட்டும். அடுப்படியில இருக்கறதைக் கழட்டிரலாமுங்க. பொம்பளைங்க பொழங்கற எடம்."

அந்தப் பக்கம் ரிக் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், அவ சொன்னாளா?"

"நான் சொல்றனுங்க."

"நான் அவளை ஒண்ணும் சந்தேகப்படலீங்க பாய். இங்க எனக்குப் பாக்கறதுக்கு வேற என்ன இருக்குது? பாறையும் புழுதியுந்தான்."

"பாக்கறது சரிங்க. அதுல பேசறீங்களே, அதைக் கொறைச்சுக்கலாமில்ல?"

"பாத்துட்டுப் பேசாம எப்படீங்க இருக்கறது?" என்றார்.

அவர் என்னை ஏமாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அது புரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

4. அப்பா எங்கே

அந்த மழைக்காலத்தில் குமரேசன் ஊருக்கு வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார். கேமராவுக்கும் ரவுட்டருக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்து, ஒயரை நேராக மேலே இழுத்து, சுவிட்சே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்றார். ஊரில்தான் இருக்கிறார், நேரில் பேசிப் பார்க்கலாம் என்று போனேன்.

ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்து, பாதி ஆளாக இளைத்திருந்தார். கையில் போன். போனில் அடுப்படி தெரிந்தது. சுகந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிஜமான அடுப்படி அவருக்குப் பின்னால் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எட்டிப் பார்த்தாலே தெரியும்.

போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "பாய் வந்திருக்கறாரு, டீ வை" என்றார். உள்ளேயிருந்து அதே குரல் இன்னொரு முறை கேட்டது.

"கூப்பிட்டாலே கேக்குமுங்களே" என்றேன்.

"பழகிப்போச்சுங்க பாய்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வெட்கம் இருந்தது.

தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். பையை வீசிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். குமரேசன் ஹாலில் இருந்தபடியே, இந்த முறை போன் இல்லாமல், "கண்ணு, இங்க வா. இன்னிக்கு மிஸ் என்ன சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார்.

குழந்தை அங்கேயே நின்று கேமராவை அண்ணாந்து பார்த்து, "ரைம்ஸ்ப்பா" என்றது.

"சாமி, நான் இங்க இருக்கறேன்."

அது இன்னும் மேலே பார்த்துக்கொண்டே தலையாட்டியது. பிறகுதான் நினைவு வந்ததுபோலக் கதவுப் பக்கம் திரும்பியது. ஆனால் அவர் அருகே வரவில்லை. அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

குமரேசன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

சுகந்தி டீயோடு வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்து நேராகவே சொன்னார். "பாய் அண்ணன் இருக்கறப்பவே சொல்றேன். அதைக் கழட்டிக் குடுத்துருங்க."

"நான் அங்க போயி என்ன பண்ணட்டும்?"

"போன் பண்ணுங்க. எத்தனை தடவை வேணாலும் பண்ணுங்க. நான் எடுத்துப் பேசறேன். நீங்க பாக்கற நேரத்துல எல்லாம் நான் உங்களோட பேசிட்டு இல்லீங்க. நீங்கதான் அப்படி நெனச்சுக்கறீங்க."

அவர் எழுந்து அடுப்படிக் கதவு வரை போய்க் கேமராவை அண்ணாந்து பார்த்தார். கழற்றச் சொல்லப் போகிறார் என்றே நான் நினைத்தேன். ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"இருக்கட்டும். அது இல்லீன்னா அங்க எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். யுபிஎஸ் வேலையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். குமரேசன் கோபப்படவில்லை. சேலத்திலிருந்து வேறு ஒருவர் வந்து செய்து கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

5. பூட்டிய வீடு

ரிக் கிளம்பிப் போய்ச் சில மாதங்களில் சுகந்தி மகளைக் கூட்டிக்கொண்டு எடப்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஊரில் யாரும் பெரிய சண்டை எதையும் கேட்கவில்லை. வீட்டைப் பூட்டி, மாட்டையும் சாவியையும் பக்கத்துத் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார்.

குமரேசன் எனக்கு போன் செய்தார். "பாய், ஊடு மொத்தமா ஆஃப்லைன் ஆகிப்போச்சு. கொஞ்சம் பாத்து விடுங்க."

மறுக்க முடியவில்லை. சாவி வாங்கித் திறந்தேன். எலி ஒயரைக் கடித்திருந்தது. மாற்றிவிட்டேன். அடுப்படியில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, மேலே தூசி படிந்திருந்தது. கேமரா உயிர் வந்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. அடுப்பில் நின்றது. ஸ்டூலில் நின்றது. பாய் சுருட்டி வைத்திருந்த மூலையில் வெகுநேரம் நின்றது.

"தெரியுதுங்களா?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

"தெரியுது பாய்" என்றார். பிறகு, "போன் பண்ணினா எடுக்கறா. பாப்பாவையும் பேச வைக்கறா. வாரேன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறா" என்றார்.

"அதைக் கழட்டிட்டேன்னு சொல்லிப் பாருங்களேன்."

"சொன்னனுங்க. அப்பவும் வரல."

அவர் பொய் சொன்னது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எடப்பாடியில் இருக்கிற சுகந்திக்கும் தெரிந்திருக்கும். கேமராவின் பச்சை விளக்கு என் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

6. கற்றுக்கொண்டது

இப்போதும் வீட்டுக்குள் கேமரா மாட்டுகிறேன். மாட்டாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. சில விஷயங்களை மட்டும் மாற்றிக்கொண்டேன். உள் கேமராவுக்கு சுவிட்சைக் கைக்கு எட்டும் உயரத்தில்தான் வைக்கிறேன். போனில் பார்க்கப்போகிறவர் எதிரிலேயே, வீட்டில் இருக்கப்போகிறவரிடம், "இதை அணைக்கிறது உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளித்து வேறு ஆளைத் தேடிக்கொள்கிறார்கள். போகட்டும். ஆஃப்லைன் என்று கூப்பிட்டால் அடாப்டரோடு ஓடாமல், யார் அணைத்தார்கள் என்று முதலில் விசாரிக்கிறேன்.

போன மாதம் எடப்பாடியில் ஒரு தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போயிருந்தேன். ஓனர் காட்டிய தூணில் ஏணியைச் சாய்த்து ஏறியபோது, கீழே வரிசையாக ஓடிய தறிகளுக்கு நடுவில் சுகந்தி நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். தறிச் சத்தத்தில் தூரத்திலிருந்து பேச முடியாது என்பதால் ஏணியடிக்கு வந்தார், நானும் இறங்கினேன். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். குமரேசனைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கையிலிருந்த கேமராவைப் பார்த்து, "இதுல பேச்சு வருமுங்களா அண்ணா?" என்றார்.

"வராதுங்கம்மா. படம் மட்டுந்தான்."

"அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பிப் போனார்.